தையல் மேசை: இரண்டரை இஞ்ச் பட்டியில் ஒட்டுப் போர்வை

ஒரே அகலத்தில் வெட்டிச் சுருட்டி விற்கிற 2½ இஞ்ச் துணிப் பட்டிகளை வைத்து ஒட்டுப் போர்வை தைப்பது பற்றி மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம். அளவுகளை இஞ்சிலும் நூலிலும் கொடுத்திருக்கிறோம். ஆசாரிகளும் கொத்தனார்களும் வைத்திருக்கும் அதே கணக்குத்தான்: 1 இஞ்சுக்கு 8 நூல், கால் இஞ்சுக்கு 2 நூல். மெஷினில் கோக்கிற நூலோடு குழம்பாமல் இருக்க, அதைத் 'தையல் நூல்' என்றே எழுதுகிறோம்.

ஆன்லைனில் 40 பட்டிகள் கொண்ட ஜெல்லி ரோல் வாங்கினேன். 8 பட்டிகளை இணைத்தால் 16½ இஞ்ச் வரவேண்டுமாம். எனக்கு 15 இஞ்ச் 5 நூல்தான் வருகிறது. பட்டி அளவு தவறா, என் தையல் தவறா?
– வாசகி, திருமங்கலம்

உங்கள் கணக்கைப் பார்த்தால் தையல் என்றுதான் தோன்றுகிறது. துணி ஓரத்திலிருந்து கால் இஞ்ச் உள்ளே தைப்பதுதான் இங்கே அளவு. 8 பட்டிக்கு 7 தையல். உங்களுக்குக் குறைவது சரியாக 7 நூல். அதாவது ஒவ்வொரு தையலும் 1 நூல் கூடுதலாகத் தின்கிறது. மேல் துணியில் அரை நூல், கீழ்த் துணியில் அரை நூல். ஜாக்கெட் தைக்கும்போது அரை நூல் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே அது ஏழு முறை சேர்ந்துகொள்கிறது.

ஆனாலும் முதலில் பட்டியை அளந்து பாருங்கள். 'ஜெல்லி ரோல்' என்பது மோடா என்ற அமெரிக்கத் துணி நிறுவனம் தன் ரோலுக்கு வைத்த பெயர். இப்போது யார் விற்றாலும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஆகவே எல்லா ரோலும் ஒரே மாதிரி வெட்டியது என்று எண்ண வேண்டாம். நூல் பிரியாமல் இருக்க, இரண்டு ஓரமும் பல் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். 2½ இஞ்ச் என்பது பல் நுனியிலிருந்து எதிர் நுனி வரையா, பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளம் வரையா என்பது வெட்டியவரைப் பொறுத்து மாறும். ஐந்தாறு பட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும் நடுவிலுமாக மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். நுனிக்கு நுனி 2½ என்றால் தைக்கும்போது நுனிதான் கோட்டைத் தொட வேண்டும். பள்ளத்துக்குப் பள்ளம் 2½ என்றால் பள்ளம் கோட்டில் நிற்க வேண்டும், நுனி கோட்டைத் தாண்டிப் போகலாம். ஒரு ரோலுக்கு எது என்று முடிவு செய்தபின் கடைசிவரை மாற்றக்கூடாது.

அடுத்து மெஷின். நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு பாடி மெஷினில், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஓரத்தை அளவாக வைத்துத் தைப்பதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. அந்த ஓரம் ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்சில் இருப்பது அபூர்வம். கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்டிக் ஸ்கேலைப் பாதத்துக்கு அடியில் வையுங்கள். சக்கரத்தைக் கையால் திருப்பி, ஊசி நுனி கால் இஞ்ச் கோட்டை மெல்லத் தொடும்வரை இறக்குங்கள். இப்போது ஸ்கேலின் வலது ஓரம் எங்கே இருக்கிறதோ, அந்த ஓரத்தோடு ஒட்டி மெஷின் தட்டில் மெடிக்கல் பிளாஸ்டரை ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கு ஒட்டுங்கள். துணி முட்டி நிற்க ஒரு சின்ன வரப்பு கிடைத்துவிடும். துணியை நகர்த்தும் மெஷின் பற்களுக்கு மேல் பிளாஸ்டர் ஏறக்கூடாது. பல மெஷின்களில் தட்டின் வலப்பக்கம் திருகு ஓட்டைகள் இருக்கும். அவை துணி வழிகாட்டி மாட்டுவதற்கானவை. வழிகாட்டி கிடைத்தால் பிளாஸ்டர் தேவையில்லை.

வரப்பு முழுக் கால் இஞ்சில் இருப்பதைவிட ஒரு மயிரிழை உள்ளே இருப்பது நல்லது. தையலை ஒரு பக்கம் மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பும் கொஞ்சம் துணியை எடுத்துக்கொள்ளும். அதற்குத்தான் அந்த மயிரிழை.

சோதித்துப் பார்க்க 6 இஞ்ச் நீளத்தில் மூன்று பட்டித் துண்டுகள் போதும். இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டியை மட்டும் அளந்து பாருங்கள். 2 இஞ்ச் இருந்தால் சரி. அரை நூல் குறைந்தாலும் வரப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி மறுபடி தைத்துப் பாருங்கள்.

தைத்து முடித்த கட்டங்களைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். எல்லாக் கட்டமும் 15 இஞ்ச் 5 நூல் என்று ஒன்றுபோல வந்திருந்தால் அப்படியே இணைக்கலாம், போர்வை கொஞ்சம் சிறியதாகும், அவ்வளவுதான். ஒன்று 15 இஞ்ச் 5 நூல், இன்னொன்று 16 என்று முன்னுக்குப் பின் வந்திருந்தால்தான் பிரித்துத் தைக்க வேண்டும்.

பட்டிகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஏழெட்டு சேர்ந்ததும் மொத்தமும் வில்லாக வளைகிறது. இழுத்துப் பிடித்துத் தைத்தும் நிமிரவில்லை.
– வாசகி, செல்லூர்

இழுத்துப் பிடிப்பதும் வளைவுக்கு ஒரு காரணம். மெஷினின் பற்கள் கீழ்த் துணியைப் பிடித்து இழுக்கின்றன, பாதம் மேல் துணியைத் தேய்த்துத் தடுக்கிறது. அதனால் பட்டியின் 42 இஞ்ச் நீளமும் ஓடி முடிக்கும்போது மேல் பட்டி அரை இஞ்ச்வரைகூட நீண்டு வெளியே நிற்கும். ஒவ்வொரு பட்டியையும் ஒரே முனையிலிருந்து ஆரம்பித்தால், இந்தச் சிறு இழுப்பு எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து வளைத்துவிடும்.

ஆகவே வரிசையாகச் சேர்க்க வேண்டாம். இரண்டிரண்டாக ஜோடி சேருங்கள். பிறகு இரண்டு ஜோடியை இணைக்கும்போது, முதல் தையல் எந்த முனையில் முடிந்ததோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த சுற்றில் மறுபடி திசையை மாற்றுங்கள். பாதத்தின் அழுத்தத்தையும் கொஞ்சம் குறைக்கலாம். தலைப்பகுதியின் உச்சியில் உள்ள திருகை இரண்டு சுற்று தளர்த்தினாலே மாற்றம் தெரியும். தையல் இஞ்சுக்கு 12 இருக்கட்டும். ஊசி பாப்ளினுக்கு 14, வாயில் போன்ற மெல்லிய துணிக்கு 11.

இனி இஸ்திரி மேசைக்கு வாருங்கள். பாதி வளைவு அங்கேதான் உண்டாகிறது. இரண்டு பட்டியும் மூடியபடியே இருக்க, தையலின் மேல் பெட்டியை வைத்து மூன்று எண்ணி எடுங்கள். தையல் நூல் துணிக்குள் அமர்ந்துவிடும். பிறகு மேல் பட்டியை விரலால் புரட்டி, நகத்தால் மடிப்பை ஓரளவு அமுக்கிக்கொண்டு, பெட்டியை நேராக இறக்குங்கள், நேராகத் தூக்குங்கள், அடுத்த இடத்தில் வையுங்கள். வேட்டிக்குத் தேய்க்கிற மாதிரி இடம் வலமாக ஓட்டினால், பெட்டியின் மூக்கு பட்டியைத் தள்ளிக்கொண்டே போகும். வெட்டிய பட்டிக்கு இரண்டு பக்கமும் கரை கிடையாது. அகலவாக்கில் வெட்டியது என்பதால் அதன் நீளத்தில் ஓடுவது துணியின் குறுக்கே செல்லும் ஊடை நூல், நெடுக்கே செல்லும் பாவு நூலைவிட நெகிழ்ச்சி கூடியது. சூடும் ஈரமும் சேர்ந்தால் நன்றாகவே நீளும். நீராவிப் பெட்டி வைத்திருப்பவர்கள் கடைசி இஸ்திரிக்கு மட்டும் நீராவியைப் பயன்படுத்தட்டும்.

ஏற்கெனவே வளைந்துபோனதைத் தண்ணீர் தெளித்து, இஸ்திரி மேசையில் குண்டூசியால் நேராகக் குத்தி, காய்ந்தபின் இஸ்திரி போட்டால் ஓரளவு நிமிரும். அரை இஞ்சுக்கு மேல் வளைந்திருந்தால் நடுத் தையல் ஒன்றை மட்டும் பிரித்துத் திசை மாற்றித் தைப்பதுதான் வழி.

ரோலை வெட்டுவதற்கு முன் துவைக்கலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

வேண்டாம். பட்டியைத் துவைத்தால் ஓரம் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கி, அகலமும் சுருங்கிக் கையில் வரும். 2½ என்ற அளவே போய்விடும். சாயம் போகுமோ என்று சந்தேகம் இருந்தால், அடர் சிவப்பு, கருநீலம், கறுப்புப் பட்டிகளின் முனையில் நனைத்த வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தப் பட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

ரோல் விலை கட்டுப்படியாகவில்லை. விளக்குத்தூண் பக்கம் நல்ல பாப்ளின் கிடைக்கிறது. நாமே வெட்டிக்கொள்ள எவ்வளவு துணி வேண்டும்? நான் வெட்டினால் பட்டியின் நடுவில் மூக்கு மாதிரி வளைகிறது.
– வாசகி, வில்லாபுரம்

தாராளமாக வெட்டலாம். மதுரையில் இருந்துகொண்டு பருத்திப் பட்டிக்காகப் பார்சலை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. தெற்கு மாசி வீதியைச் சுற்றிலும் மீட்டர் கணக்கில் துணி கிடைக்கும். தையல் நூல், பாபின், சாக்பீஸ் போன்றவற்றுக்குப் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகள் இருக்கின்றன.

1 மீட்டர் என்பது 39 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். கணக்குப்படி 15 பட்டி வரும். ஆனால் பருத்தி முதல் தண்ணீரில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், ஓரத்தைச் சமன் செய்யவும் கொஞ்சம் போகும். 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40 பட்டிக்கு 3 மீட்டர், ஆறு நிறத்தில் அரை அரை மீட்டராக வாங்கலாம். வாங்கும்போது அகலத்தைக் கேளுங்கள். 44 இஞ்ச் துணியில் 42 இஞ்ச் பட்டி கிடைக்கும். 36 இஞ்ச் துணியாக இருந்தால் 35தான் தேறும். அதே போர்வைக்கு 40க்குப் பதில் 48 பட்டி வெட்ட வேண்டும்.

துணியாக இருக்கும்போதே துவைத்துவிடுங்கள். அரை ஈரத்தில் இஸ்திரி போட்டு, லேசாகக் கஞ்சி கொடுங்கள். வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் போதும். கஞ்சி போட்ட துணி வெட்டும்போது வழுக்காது, தைக்கும்போது நீளாது. ஆனால் கஞ்சி போட்டதை மாதக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள், வெள்ளிப்பூச்சி வரும். போர்வை முடிந்ததும் ஒரு முறை அலசி எடுங்கள்.

மூக்கு வருவதற்குக் காரணம் மடிப்பு. துணியைக் கரையோடு கரை சேர்த்து மடிக்கிறோம். அந்த மடிப்புக்கு ஸ்கேல் சரியான செங்குத்தில் இல்லாமல் வெட்டினால், பட்டியைப் பிரிக்கும்போது மடிப்பு இருந்த இடத்தில் மூக்கு நீட்டும். கடைக்காரர் மடித்த மடிப்பை நம்ப வேண்டாம். இரண்டு கரையையும் மேலே தூக்கிப் பிடித்து, கீழே தொங்கும் மடிப்பில் சுருக்கம் இல்லாமல் விழும்வரை ஒரு கரையை இடமோ வலமோ நகர்த்துங்கள். வெட்டு முனைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும், பரவாயில்லை. நிற்கிற நிலைதான் நூலோட்டம். அப்படியே மேசையில் வைத்து, மடிப்போடு மூலைமட்டத்தைப் பொருத்தி, முதலில் ஓரத்தைச் சமன் செய்யுங்கள். மூன்று நான்கு பட்டிக்கு ஒரு முறை பட்டியைப் பிரித்துப் பார்த்து, மூக்கு தலைகாட்டினால் மறுபடி சமன் செய்துவிட்டுத் தொடருங்கள்.

உருளும் வட்ட பிளேடு கொண்ட ரோட்டரி கட்டர் இருந்தால் 45 மில்லிமீட்டர் பிளேடு வசதி. அடியில் விரிக்கிற வெட்டுப் பாயும் நீள ஸ்கேலும் கூடவே வேண்டும். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் பிளேடை மூடிவிடுங்கள். கத்தரிதான் என்றால் இரண்டு அடுக்குக்கு மேல் வைக்காமல், கூர்மையாகச் சீவிய சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின் ஒரே பக்கமாக வெட்டுங்கள். கிழிப்பதும் ஒரு முறைதான். ஆனால் கிழித்த ஓரம் நெளிந்து நூல் உதிரும். 2¾ இஞ்சாகக் கிழித்து, இஸ்திரி போட்டு, இரண்டு பக்கமும் 1 நூல் வெட்டி எடுங்கள்.

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் நான்கு இருக்கின்றன. பட்டியாக வெட்டினால் தாங்குமா?
– வாசகி, சின்னாளபட்டி

தாங்கும். நம் ஊர்ப் போர்வைக்கு இதைவிடப் பொருத்தமான துணி இல்லை என்பது எங்கள் கருத்து. பலமுறை துவைத்ததால் இனிச் சுருங்காது, சாயம் போக வேண்டியதும் போயிருக்கும். சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுப்பில் சொருகிய பகுதியும் முந்தானை ஓரமும் நைந்திருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்தால் 'சர்' என்று நூல் விடுகிற இடத்தைக் கழித்துவிடுங்கள். சரிகைக் கரையையும் எடுத்துவிடுங்கள். அது பருத்தியோடு சேர்ந்து சுருங்காது, சூட்டிலும் கறுக்கும்.

சேலையில் இன்னொரு பெரிய வசதி உண்டு. 5½ மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 216 இஞ்ச். அகலவாக்கில் வெட்டாமல் நீளவாக்கில் வெட்டினால், நைந்த முனைகள் போக ஒரு பட்டியே 208 இஞ்ச் வரும். கடையில் வாங்கும் பட்டியில் ஐந்தை ஒட்டினால் கிடைக்கிற நீளம் அது. நான்கு சேலையிலிருந்து இரண்டிரண்டு பட்டி எடுத்தால், அந்த எட்டே ஒரு ரோலுக்குச் சமம். பாவு நூல் நீளத்தில் ஓடுவதால் அகலவாக்கில் வெட்டியதைப்போல நெகிழாது, வில்லாகவும் எளிதில் வளையாது. மீதித் துணி அடித்துணிக்கும் உள் அடுக்குக்கும் ஆகும்.

கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியாக இருந்தால், புள்ளி இருக்கும் இடம் மொட்டு மொட்டாக எழும்பி நிற்கும். தண்ணீர் தெளித்து, பின்பக்கத்தில் இஸ்திரி போட்டுச் சமமாக்காமல் அளக்காதீர்கள். சமமாக்காமல் வெட்டினால் பிற்பாடு பட்டி 1 நூல் அகலமாகிவிடும். மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் பிரிண்டிலும் வந்தவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அச்சு நூலோட்டத்துக்குச் சாய்ந்திருக்கலாம். புள்ளி வரிசையை நம்பி வெட்டாமல் நூலைப் பார்த்து வெட்டுங்கள்.

சுங்குடியையும் பாப்ளினையும் அடுத்தடுத்து வைத்தால், மெல்லிய சுங்குடி பற்களின் பக்கம் கீழே இருக்கட்டும். கஞ்சி கட்டாயம்.

தையல் கடைகளில் தரும் வெட்டுத் துணியில் பட்டி எடுக்கலாமா? எது பருத்தி என்று தெரியவில்லை.
– வாசகி, வாடிப்பட்டி

ஒரு நூலை உருவி, வாசலில் வைத்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து தூளாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். டெரிகாட் போன்ற கலப்பில் எரியவும் செய்யும், கடைசியில் மணியும் நிற்கும். பருத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கலந்து தைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. முதல் துவைப்பிலேயே போர்வை கொசுவிக்கொள்ளும். 9 இஞ்சுக்குக் குறைந்த துண்டுகளைப் பட்டியாக்குவது வீண் உழைப்பு, அவற்றைச் சதுரங்களாக வெட்டுங்கள்.

எல்லாப் பட்டிகளையும் ஒரே நீளமாக ஒட்டி, பாதியாக மடித்து மடித்துத் தைக்கும் முறையில் போர்வை சீக்கிரம் முடிகிறதாமே? எவ்வளவு அளவு வரும்? ஆரம்பத்தில் 18 இஞ்சை ஏன் வெட்டி எறியச் சொல்கிறார்கள்?
– வாசகி, மேலூர்

40 பட்டி, ஒவ்வொன்றும் 42 இஞ்ச் என்றால் மொத்தம் 1680. முனையோடு முனை நேராக ஒட்ட 39 தையல், ஒவ்வொன்றிலும் அரை இஞ்ச் போக சுமார் 1660 நிற்கும். ஒரு முனையில் 18 இஞ்ச் வெட்டினால் 1642.

வெட்டுவதன் காரணம் இது: 40 பட்டியும் ஒரே நீளம். சரிபாதியாக மடித்தால் மடிப்பு ஓர் ஒட்டில்தான் விழும், எல்லா ஒட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் அடுக்கிக்கொள்ளும். பார்க்க மடிப்புக் கோடு போல இருக்கும், தடிப்பும் ஏறும். 18 இஞ்சை எடுத்ததும் ஒட்டுகள் படிப்படியாகத் தள்ளி விழுகின்றன. அந்தத் துண்டை எறிய வேண்டாம், தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி இரண்டு முனைகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, நீளவாக்கில் தைத்துக்கொண்டே போங்கள். கடைசியில் மடிப்பு வரும், அதைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். இப்போது 2 வரிசை, 821 இஞ்ச். மறுபடி மடித்துத் தைத்தால் 4 வரிசை, 410. பிறகு 8 வரிசை, 205. 16 வரிசை, 102. ஐந்தாவது சுற்றில் 32 வரிசை, 51 இஞ்ச். ஒரு வரிசைக்கு 2 இஞ்ச், ஆக 64க்கு 51. ஒட்டுகளைச் சாய்வாகப் போட்டால் பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு ஒட்டிலும் 2½ இஞ்ச் போய் 51 என்பது 49 ஆகிவிடும்.

முதல் சுற்றில்தான் அதிகம் தவறுகிறது. 1642 இஞ்ச் தரையில் குவிந்து கிடக்கும்போது எங்கோ ஒரு முறுக்கு விழுந்திருக்கும். மடிப்புக்கு ஓர் அடி முன்னே நிறுத்தி, மீதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முறுக்கு அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். மடிப்பை வெட்டிவிட்டு, முறுக்கை நீக்கி, முனைவரை தையுங்கள். ஐந்து சுற்றிலும் சேர்த்துத் தையல் மட்டும் 40 மீட்டருக்கு மேல் ஓடும். நான்கு பாபினாவது முன்கூட்டிச் சுற்றிக்கொள்ளுங்கள். நடுவில் பாபின் தீர்ந்தது தெரியாமல் தைத்துக்கொண்டே போவது இதில் சகஜம். நான்கைந்து அடிக்கு ஒரு முறை பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுவதை இந்த முறையில் தடுக்க முடியாது. அது பிடிக்காதவர்கள் அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஒற்றைக் கட்டில் மெத்தை 72க்கு 36. 64க்கு 51 நீளத்தில் போதாது. நான்கு பக்கமும் 5 இஞ்ச் கரை சேர்த்தால் 74க்கு 61 வரும். கரைக்கு 5½ இஞ்ச் அகலத்தில் 7 பட்டி, 44 இஞ்ச் துணியில் 1¼ மீட்டர். கரையை வெட்ட ஓரத்தை அளக்காதீர்கள், ஓரம் இழுபட்டு நீண்டிருக்கும். போர்வையின் நடுவில் குறுக்கே அளந்து, அந்த நீளத்துக்கு வெட்டி, ஓரத்தை அதற்குள் அடக்கிக் குண்டூசி குத்துங்கள். கரை அலையலையாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதைச் செய்யாததுதான்.

நிறங்களை என் விருப்பப்படி அடுக்க வேண்டும். மூலைக்கு மூலை பொருத்துகிற வேலையும் வராது. சுலபமாக ஒன்று சொல்லுங்கள்.
– வாசகி, அலங்காநல்லூர்

மூன்று பட்டிகளை இணைத்தால் 6½ இஞ்ச் அகலம். அதை 6½ இஞ்சுக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் சதுரம். ஒரு 42 இஞ்ச் தொகுப்பில் 6 சதுரம். 42 பட்டியில் 14 தொகுப்பு, 84 சதுரம். 7க்கு 12 என்று அடுக்கினால் 42க்கு 72 இஞ்ச். ஒன்றைக் கிடையாகவும் அடுத்ததை நெட்டாகவும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால், குளத்துப் படிக்கட்டு போலக் குறுக்கே இறங்கும். நெட்டுச் சதுரத்தின் உள் தையல் கிடைச் சதுரத்தின் வெறும் பக்கத்தில்தான் முட்டும் என்பதால் உள் தையல்களைப் பொருத்துகிற வேலை இல்லை. மூன்றில் ஒரு பட்டியாவது எல்லாத் தொகுப்பிலும் அடர் நிறமாக ஒரே பக்கம் இருக்கட்டும், அப்போதுதான் படி தெரியும். அடுக்கியதைப் போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எந்த நிறம் அடர், எது வெளிர் என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

உள்ளே என்ன வைப்பது? பாலியெஸ்டர் வைத்ததில் வேர்த்துக் கொட்டுகிறது. இலவம் பஞ்சு வைக்கலாமா?
– வாசகி, திருப்பரங்குன்றம்

இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது, போர்வைக்கு வேண்டாம். அதன் இழை வழவழப்பானது. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் துவைத்ததும் மூலையில் போய்க் குவியும்.

மார்கழி விடியலைத் தவிர மதுரைக்குக் கனத்த போர்வை தேவைப்படுவதில்லை. பழைய பருத்திச் சேலை ஓர் அடுக்கு போதும், குளிர் தாங்காதவர்களுக்கு இரண்டு அடுக்கு. வங்காளத்துக் காந்தாவும் வடகர்நாடகத்துக் கவுதியும் பஞ்சு இல்லாமல் பழந்துணி அடுக்கிலேயே தைத்தவைதான்.

74க்கு 61 போர்வைக்கு உள் அடுக்கும் அடித்துணியும் 78க்கு 65 இருக்க வேண்டும். தைக்கத் தைக்க மேல்துணி உள்வாங்கும் என்பதால் சுற்றிலும் 2 இஞ்ச் கூடுதல். ஒரு சேலையில் 78 இஞ்சாக இரண்டு துண்டு வெட்டிச் சேர்த்தால் ஓர் அடுக்கு. உள் அடுக்கை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்தால் தடிப்பு தெரியும். இரண்டு ஓரத்தையும் முட்டவைத்து, கையால் அகலக் குறுக்குத் தையல் போடுங்கள்.

அடித்துணியைக் கெட்டப் பக்கம் மேலாகத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி இறுக்குங்கள். தம்புராக் கம்பி மாதிரி இழுக்க வேண்டாம், சுருக்கம் போனால் போதும். அதன்மேல் உள் அடுக்கு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். ஊக்கைக் குறைத்தால் அடித்துணியில் கொசுவம் விழும், அதைத் தைத்து முடித்தபிறகுதான் பார்ப்பீர்கள். மெஷினில் தைப்பதானால் தையலை இஞ்சுக்கு 8 ஆக்கி, நடு வரிசையிலிருந்து ஆரம்பித்து, அடுத்தடுத்த கோடுகளை எதிர்த்திசையில் ஓட்டுங்கள். கோட்டுக்குக் கோடு 3 முதல் 4 இஞ்ச். கையால் ஓட்டுத் தையல் போட நேரம் இருப்பவர்கள் அதையே செய்யலாம். சேலை அடுக்குக்கு ஊசி சுலபமாக இறங்கும்.

ஓரம் கட்ட அதே பட்டி போதுமா? எத்தனை வேண்டும்?
– வாசகி, அண்ணா நகர்

போதும். 74க்கு 61 போர்வையின் சுற்றளவு 270 இஞ்ச், முனையை முடிக்க 10 சேர்த்து 280. 7 பட்டி போதும்போலத் தோன்றும். ஆனால் ஓரத்துக்குச் சாய்வு ஒட்டுதான் போட வேண்டும். நேர் ஒட்டு மடித்ததும் கட்டியாக நிற்கும். ஆறு சாய்வு ஒட்டுக்கு 15 இஞ்ச் போனால் 279தான் மிஞ்சும். 8 எடுத்துக்கொள்ளுங்கள். 40 பட்டியும் போர்வைக்கே போயிருந்தால் இதைத் தனியாக வெட்டவேண்டி வரும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, திறந்த ஓரங்களைப் போர்வை ஓரத்தோடு சேர்த்துக் கால் இஞ்சில் தையுங்கள். மூலை வருவதற்குக் கால் இஞ்ச் முன்னே நிறுத்தி தையல் நூலை வெட்டுங்கள். பட்டியை நேர் மேலே மடியுங்கள், 45 டிகிரி சாய்வு விழும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு கீழே இறக்கி, அடுத்த ஓரத்தின் உச்சியிலிருந்து தையலைத் தொடருங்கள். பின்பக்கம் புரட்டிக் கையால் மறை தையல் போடும்போது மூலை தானாகவே கூராக அமரும். மூலை மழுங்கி வந்தால், கால் இஞ்ச் முன்னே நிறுத்தாமல் ஓரம்வரை தைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

முடித்த போர்வையை முதல் முறை துவைத்ததும் சிவப்புப் பட்டியின் சாயம் வெள்ளையில் ஏறிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் போகவில்லை.
– வாசகி, சோழவந்தான்

உப்பு உதவாது. பல சாயங்களைத் துணியில் ஏற்றும்போது சாயப் பட்டறையில் உப்பு சேர்ப்பது உண்மை. ஆனால் அது சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்கு. ஏற்றி முடித்த சாயத்தை வெறும் உப்பு பிடித்து நிறுத்தாது. வினிகரும் பருத்திச் சாயத்துக்கு அதே கதைதான்.

போர்வையைக் காயவிட்டீர்களா என்று எழுதவில்லை. ஈரமாக இருந்தால் அப்படியே வையுங்கள், வெயிலில் போட வேண்டாம், இஸ்திரி பக்கமே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டுக் காய்ந்தால் ஏறிய சாயம் எளிதில் இறங்காது. பெரிய டிரம்மிலோ தொட்டியிலோ கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு கால் கப் கலந்து, போர்வை முழுவதும் மூழ்கும்படி 12 மணி நேரம் வையுங்கள். தண்ணீர் நிறைய இருக்க வேண்டும். கழன்ற சாயம் மறுபடி துணியில் உட்காராமல் மிதக்க இடம் வேண்டும் அல்லவா? போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக வேலை செய்யாது, நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் சிவந்திருந்தால் கொட்டிவிட்டு மறுபடி அதே மாதிரி. ஒரு கண்ணாடித் தம்ளரில் முகந்து பார்த்தால் நிறம் தெரியாத அளவுக்கு வரும்வரை, மூன்று நான்கு முறை ஆனாலும் செய்யுங்கள். பிறகு நிழலில், மடிக்காமல் விரித்துக் காயவையுங்கள். சிவப்பு வரிசை வெள்ளையைத் தொடாதபடி இடையில் ஒரு பழைய துண்டை விரித்துவிடுங்கள்.